இரண்டு கார் ஆலை உள்ள ஊரில் கார் இல்லாத அப்பா

லைப்சிக் நகரத்தின் வடக்கே இரண்டு பெரிய கார் ஆலைகள் இருக்கின்றன. போர்ஷே 2002இல் வந்தது. முதலில் கயென் செய்தார்கள், 2009இலிருந்து பனமேரா, அதற்குப் பிறகு மக்கான். பி.எம்.டபிள்யூ ஆலை 2005இல் திறந்தது. அதன் நடுக் கட்டடத்தை வரைந்தவர் ஸாஹா ஹடீட். அங்கே அலுவலகக்காரர் மேசையில் இருந்து வேலை செய்ய, அவர்களின் தலைக்கு மேலால் கார்க் கூடுகள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மெதுவாக ஊர்ந்து போகும். ஐ3 என்ற அந்தச் சின்ன மின்சாரக் காரை 2013 முதல் 2022 வரை செய்ததும் இங்கேதான். புத்தம்புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிய சரக்கு ரயில்கள் போவதைப் பார்த்தால் என் மகள் கையசைப்பாள்.

இத்தனையும் நடக்கிற ஊரில் எங்கள் வீட்டில் கார் இல்லை.

போஹும் நகரத்தில் இருக்கிற என் அப்பாவுக்கு எங்களைப் பற்றி இரண்டு விஷயம் விளங்கவே விளங்காது. ஒன்று, கார் இல்லாதது. மற்றது, நான் பகலில் வீட்டில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்: "இண்டைக்கும் வீட்டிலதானோ? கார் பாத்தனியோ?"

இரண்டாவதை முதலில் சொல்லி முடிக்கிறேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஷிஃப்ட் முறை. காலை ஷிஃப்ட் என்றால் ஐந்தரைக்கு வெளிக்கிட்டு விடுவா. எனக்குக் கணினி வேலை, கம்பனி மேற்கு ஜேர்மனியில். நான் குசினி மேசையிலிருந்து செய்கிறேன். காலையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது, ஏழு வயது மகனைப் பள்ளிக்கூடத்திலும் மூன்று வயது மகளைக் கீற்றாவிலும் விடுவது, பின்னேரம் ஏற்றுவது, காய்ச்சல் வந்தால் வைத்துப் பார்ப்பது எல்லாம் என் பங்கு. நீங்களும் இப்படிச் செய்பவர்களாக இருக்கலாம். கலியாண வீடுகளில் மாமாமார் கேட்கும் கேள்வியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இப்ப என்ன செய்யிறீர்?" "வீட்டில இருந்து வேலை மாமா." "ஓ... அப்ப மனிசி வேலைக்குப் போறாவோ?" அந்த 'ஓ'வுக்குள் ஒரு முழு விசாரணை இருக்கும்.

இந்த ஊர்க்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை. பழைய கிழக்கு ஜேர்மனியில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போவதுதான் வழக்கம். கடைசிக் காலத்தில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தார்கள். நான் வளர்ந்த போஹுமில் பாலர் பாடசாலை மத்தியானத்தோடு முடிந்துவிடும், அம்மா வாசலில் நிற்பா. இங்கே மூன்று மணிக்கு வாசலில் நிற்பவர்களில் பாதிப்பேர் தகப்பன்மார். 2007இல் வந்த பெற்றோர் கொடுப்பனவை அப்பாமார் எடுக்கும் விகிதத்தில் சாக்சனி மாநிலம் பல வருடங்களாக முன்வரிசையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம், இருவரும் பகிர்ந்தால் 14 மாதம். மாதம் 300 முதல் 1,800 யூரோ வரை. மகள் பிறந்தபோது நான் ஏழு மாதம் எடுத்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் அரச மருத்துவக் காப்புறுதியில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு 15 நாள் உண்டு, 2024இலிருந்து. இதெல்லாம் கேட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் ஆறு யூரோ, வருடத்துக்கு 1,260 வரை, வருமானத்தில் கழித்துக் கணக்குக் காட்டலாம் என்று சொன்னபோதுதான் சிரித்தார். "வீட்டில இருக்கிறதுக்கும் கணக்கோ!"

ஆனால் வீட்டில் இருக்கிற அப்பா என்றால் பிள்ளைகளோடு இருக்கிற அப்பா என்று அர்த்தமில்லை. என் மகள் 'ஒஃபிஸ்' விளையாடுவாள். ஒரு மட்டைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, "நான் கதைக்கிறது கேக்குதோ? கேக்குதோ?" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். அவ்வளவுதான் விளையாட்டு. நாள் முழுக்க நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் சொல் 'ஷ்ஷ்' ஆக இருக்கிற நாட்களும் உண்டு.

இங்கேதான் கார் வருகிறது.

என் அப்பா கதைக்கிற ஆள் இல்லை. ரெஸ்டோரன்ட் குசினியில் நடுச்சாமம் வரை வேலை, பிறகு சில வருடம் ஒரு களஞ்சியத்தில் விடியற்காலை வேலை. வீட்டில் இருந்தால் நித்திரை. ஆனால் காரில் ஏறினால் ஆள் மாறிவிடுவார். முதல் கார் ஒரு பழைய ஓப்பல் கடெட். போஹும் ஓப்பல் ஊர். 1962இல் அந்த ஆலை தொடங்கியதே கடெட் செய்யத்தான், 2014 கடைசியில் மூடிவிட்டார்கள். அந்தக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் ஓடத் தொடங்கினோம். அப்போது ஹம் நகரத்தில் இப்போது இருக்கும் பெரிய கோபுரம் இல்லை. காமாட்சி அம்பாள் கோயிலுக்கு இப்போதைய இடத்தில் கும்பாபிஷேகம் நடந்தது 2002இல்தான்.

சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு என்று பாரிஸ், சூரிச், ஸ்டுட்கார்ட் எல்லாம் அந்தக் கடெட்டில்தான் போனோம். பின்சீட்டில் நானும் தங்கச்சியும், நடுவில் பலகாரச் சட்டி. இளையராஜா கசெட் ஒரு பக்கம் முடிந்து, அம்மா மறுபக்கம் மாற்றுவதற்கு இடையில் வரும் மௌனத்தில் அப்பா கதைக்கத் தொடங்குவார். கண் ரோட்டில் இருக்கும், எங்களைப் பார்க்கமாட்டார். ஊரில் கிணறு இறைத்தது, பள்ளிக்கூட மைதானத்தில் காலில் சப்பாத்து இல்லாமல் உதைபந்து அடித்தது, 83 ஆடியில் கொழும்பில் ஒளிந்திருந்தது எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே இருந்து ஒருநாளும் சொன்னதில்லை.

1984இல் அவர் வந்த கதையும் காரில் கேட்டதுதான். ஏரோஃபுளொட்டில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மனி அப்போது தமிழர்களுக்கு ஒரு கடவு விசா கொடுத்து விட்டுவிடும். ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராச நிலையத்தில் எஸ்-பான் ரயிலில் ஏறினால் அடுத்த சில நிமிடத்தில் மேற்கு பெர்லின். பெர்லினுக்குள் அதை ஓர் எல்லையாகவே மேற்கு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் மறிக்க ஆள் இல்லை. எத்தனையோ ஆயிரம் பேர் அப்படி வந்தார்கள். 1985இல் மேற்கு ஜேர்மனி பேச்சுவார்த்தை நடத்தி அந்த வழியை எங்கள் ஆட்களுக்கு மூடச் செய்தது. உங்களில் சிலருடைய அப்பாமாரும் அதே ரயிலில் வந்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். நான் லைப்சிக் போகிறேன் என்று சொன்னபோது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பக்கத்தில நான் ஒரு ராத்திரிதான் நிண்டனான்."

கார் எங்களுக்கு இன்னொரு விதத்திலும் தேவையாக இருந்தது. 1992இல் ரொஸ்டொக் நகரத்தில் வெளிநாட்டவர் இருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்ததை டிவியில் பார்த்தோம். அடுத்த வருடம் மே மாதம் ஸோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தினார்கள், பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். ஸோலிங்கன் எங்களுக்குக் கிட்ட. எனக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு பஸ்ஸில், ட்ராமில் ஏறினால் அம்மாவின் கை என் தொடையில் இருக்கும். சத்தமாகத் தமிழில் கதைத்தால் ஒரு சின்ன அழுத்தம், "மெதுவா". காருக்குள் அது இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கத்தலாம், பாடலாம், சண்டை பிடிக்கலாம். வீட்டுக்கு வெளியே நாங்கள் வாய்விட்டுத் தமிழ் கதைத்த ஒரே இடம் அந்தக் கடெட்.

அதனால்தான் அப்பா "கார் இல்லாமல் என்னெண்டு பிள்ளையளை வளர்க்கிறது?" என்று கேட்கும்போது நான் சிரித்துவிட்டுப் போவதில்லை. அவர் வசதியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் ட்ராமில் மகன் கேட்டான். "அப்பா, நீங்கள் ஏன் ட்ராமுக்குள்ள மெதுவாக் கதைக்கிறீங்கள்?" பெரிய சத்தம் போடக்கூடாது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றேன். அவன் விடவில்லை. "இல்லை. டொய்ச் கதைக்கேக்க மெதுவாக் கதைக்கிறேல்லையே."

சரியாகக் கவனித்திருக்கிறான். சாக்சனியில் 2024 செப்டம்பரில் நடந்த மாநிலத் தேர்தலில் ஏ.எப்.டி. கட்சி நூற்றுக்கு 30.6 வாக்கு எடுத்தது. முதலாவதாக வந்த சி.டி.யு.வுக்கு 31.9. லைப்சிக் அப்படியான ஊர் இல்லை. 1989 ஒக்டோபர் 9ஆம் தேதி 70,000 பேர் மெழுகுதிரியோடு தெருவில் இறங்கிய ஊர், 2024 ஜனவரியிலும் தீவிர வலதுசாரிகளுக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், பேக்கரிக்காரி எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், வெளியூர் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் ஏறும் ட்ராமில், என் குரல் தானாக இறங்குகிறது. அம்மாவின் கை இன்னும் தொடையில் இருக்கிறது. மகனுக்கு நான் ரொஸ்டொக், ஸோலிங்கன் கதையைச் சொல்லவில்லை. ஏழு வயது. "சின்ன வயசில அப்பம்மா அப்படிப் பழக்கினவ" என்றேன். "ஏன்?" "பிறகு சொல்றன்." அந்தப் 'பிறகு' எப்போது என்று நானும் மனைவியும் இரண்டு மூன்று இரவு கதைத்தோம். அவ சுவிஸில் வளர்ந்தவ. "பயத்தைச் சொல்லாமல் விட்டால் பயம் இல்லாமல் போகாது, காரணம் தெரியாத பயமாகத்தான் வரும்" என்றா. எனக்கு இன்னும் அதில் முழுச் சம்மதம் இல்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். வெளியூர் ஆட்டம் என்று சொன்னேனே.

உதைபந்துக்கு லைப்சிக் சாதாரண ஊர் இல்லை. ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் உருவானதே இங்கேதான், 1900 ஜனவரி 28, மரியன்கார்ட்டன் என்ற ரெஸ்டோரன்டில். 1903இல் நடந்த முதலாவது ஜேர்மன் சம்பியன் போட்டியில் வென்றதும் வி.எப்.பி. லைப்சிக், ப்ராக் அணியை 7-2 என்று. 1956இல் போர்க்கால இடிபாட்டைக் குவித்து ஒரு லட்சம் பேர் இருக்கும் மைதானம் கட்டினார்கள். இப்போதைய மைதானம் அந்தப் பழைய கிண்ணத்துக்குள்ளே இன்னொரு கிண்ணம் வைத்ததுபோல 2004இல் வந்தது. பழைய மண் மேட்டில் ஏறி, பாலத்தால் கடந்துதான் உள்ளே போகவேண்டும். 2006 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜன்டினாவின் மக்ஸி ரொட்ரிகஸ் மெக்ஸிகோவுக்கு எதிராக நெஞ்சில் வாங்கி இடது காலால் அடித்த அந்தக் கோல் ஞாபகம் இருக்கிறதா? இங்கேதான்.

இந்த ஊருக்கு வந்தால் யாருடைய ஆள் என்று சொல்லவேண்டும். அது லேசான காரியம் இல்லை. லொக் ரசிகருக்குக் கெமி ஆகாது, கெமி ரசிகருக்கு லொக் ஆகாது, இரண்டு பேருக்கும் ஆர்.பி. ஆகாது. கெமியின் கதை எனக்குப் பிடிக்கும். 1963இல் கட்சி மேலிடம் ஊரின் நல்ல ஆட்டக்காரரை எல்லாம் ஒரு கழகத்தில் சேர்த்துவிட்டு, மிச்சம் மீதியை லொய்ட்ஷில் இருந்த கெமிக்கு விட்டது. அந்த 'மிச்ச' அணி 1964இல் கிழக்கு ஜேர்மன் சம்பியன் ஆனது. லொக் 1987இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதிவரை போய், ஏதென்ஸில் ஆயக்ஸிடம் 1-0 என்று தோற்றது. ஆர்.பி. 2009இல் ஒரு பானக் கம்பனியின் காசில் பிறந்தது. பக்கத்துச் சிற்றூர் மார்க்ரான்ஷ்டெட் கழகத்தின் ஐந்தாம் பிரிவு இடத்தை வாங்கி, ஏழு வருடத்தில் புண்டஸ்லீகாவுக்கு ஏறியது. கம்பனிப் பெயர் வைக்கச் சட்டம் விடாததால் 'புல்தரைப் பந்து விளையாட்டு' என்று ஒரு பெயரை உண்டாக்கி 'ஆர்.பி.' என்ற இரண்டு எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2022இலும் 2023இலும் ஜேர்மன் கிண்ணம் எடுத்தார்கள். வகுப்பில் பாதிப்பேருக்கு ஆர்.பி. மேற்சட்டை. மகனுக்கும் அதுதான் வேண்டும். நான் வி.எப்.எல். போஹும் ஆள். 2025இல் புண்டஸ்லீகாவிலிருந்து கீழே இறங்கியும் என் நீலச் சட்டையைக் கழற்றவில்லை. அவனுக்கு அது ஒரு வியாதி போலத் தெரிகிறது.

அவன் விளையாடுவது எங்கள் பேட்டையில் இருக்கும் ஒரு சின்னக் கழகத்தில். 2024/25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தை ஜேர்மனி முழுக்க மாற்றிவிட்டார்கள். பெரிய மைதானம் இல்லை, சின்னச் சின்ன மைதானங்கள் பக்கத்தில் பக்கத்தில். அவன் வயதில் பெரும்பாலும் மூன்று பேருக்கு மூன்று பேர், நாலு குட்டிக் கோல், கோலி கிடையாது. சில நிமிடத்துக்கு ஒரு சுற்று. வென்ற அணி மேல் மைதானத்துக்கு ஏறும், தோற்ற அணி கீழ் மைதானத்துக்கு இறங்கும். புள்ளிப் பட்டியல் கிடையாது. கடைசியில் யார் முதலாவது என்று அறிவிக்கமாட்டார்கள்.

அப்பா டெலிபோனில், "யார் வெண்டது?"

"தெரியாது அப்பப்பா."

"எத்தனை கோல்?"

"நிறைய."

பிறகு என்னிடம், "வெற்றி தோல்வி இல்லாட்டி பிறகு என்னத்துக்கு விளையாட்டு?" இங்குள்ள தகப்பன்மாரிலும் பலர் இதையே சொல்லி முணுமுணுக்கிறார்கள். நான் புது முறையின் பக்கம். போஹுமில் எட்டு வயதில் நான் ஏழு பேர் அணியின் எட்டாவது ஆள். மழையில் வாங்கில் இருந்து, கடைசி ஐந்து நிமிடம் இறக்கினால் பந்து ஒருமுறை காலில் பட்டால் அது நல்ல நாள். என் மகன் ஒரு காலையில் எத்தனை தரம் பந்தைத் தொடுகிறான் என்று எண்ணப் போய், எண்ண முடியாமல் விட்டேன். அதோடு, வென்றவர்களை உடனே கெட்டிக்காரரிடம் அனுப்புகிறார்கள், தோற்றவர்களைச் சமமானவர்களிடம் அனுப்புகிறார்கள். எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கு இந்தக் கணக்கு உறைக்க நாள் எடுக்கும். நாங்கள் பேச்சுப்போட்டிக்கே மூன்று இடமும் ஆறுதல் பரிசும் வைத்து வளர்ந்தவர்கள்.

கழகம் ஓடுவது பெற்றோரின் கையில். பயிற்சியாளருக்குச் சம்பளம் இல்லை. ஒரு வீட்டுக்கு மேற்சட்டை தோய்க்கும் முறை, இன்னொரு வீட்டுக்குக் கேக், இன்னொரு வீட்டுக்குக் கார். ஊருக்கு வெளியே ஆட்டம் என்றால் மூன்று கார் வேண்டும். எங்களிடம் இல்லாதபடியால் நான் தோய்க்கிறேன், றோல்ஸ் செய்கிறேன். ஒன்று ஒரு யூரோ என்று கேக் மேசையில் வைத்த நாற்பது றோல்ஸ் முதல் சுற்று முடிய முதல் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் காரில் ஏறுவது ஒரு கடன்தான். இந்த நாட்டில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் வரும்வரை பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்று சட்டம். கார் இல்லாத எங்கள் வீட்டில் இரண்டு கார் இருக்கைகள் உண்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ட்ராமில், மடியில் கார் இருக்கையோடு இருக்கிற ஆள் நான்தான்.

கார் வாங்கும் கணக்கை நானும் மனைவியும் எழுதிப் பார்த்தோம். அப்பா பாதிக் காசு தாறேன் என்கிறார். போஹும் இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். ரயில் மக்டெபுர்க், ஹனோவர் வழியாகப் போய் ஹம் நகரத்திலும் நிற்கும், டோர்ட்முண்டில் மாறினால் போஹும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரோடு நெடுந்தூர ரயிலில் இலவசம், டிக்கெட்டில் பதிந்தால் போதும். ஜேர்மனி டிக்கெட் 2023 மேயில் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது. ஏறிக்கொண்டு போனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் காரின் காப்புறுதி, வரி, பெற்றோலை விடக் குறைவுதான். கணக்கில் கார் தோற்கிறது. ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து வருகிற அந்த இருபத்தைந்து நிமிடம்.

மைதானத்திலிருந்து வீட்டுக்கு நாங்கள் நடந்துதான் வருகிறோம், வாய்க்கால் ஓரமாக. சைக்கிளில் போய்ப் பார்த்தோம். முன்னும் பின்னுமாகப் போவதால் கதைக்க முடியாது. நடந்தால் பக்கத்தில் பக்கத்தில், இருவருக்கும் கண் வழியில். வசந்தத்தில் ஆற்றோரக் காட்டிலிருந்து காட்டுப்பூண்டு வாசம் வரும். அப்போதுதான் அவன் சொல்லத் தொடங்குவான். யார் பந்து தரவில்லை, யார் தன்னைப் 'பழுப்பு' என்று சொன்னது, அதற்குத் தான் என்ன சொன்னான். வீட்டில் "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டால் 'நல்லம்' என்ற ஒரு சொல்தான் வரும். வழியில் தமிழிலேயே கதைக்கிறோம். சொல் வராத இடத்தில் நின்று தேடுவோம். பெனால்ட்டிக்குத் தண்ட உதை இருக்கிறது. ஓஃப்சைட்டுக்கு நாங்களே ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம்: 'களவாப் போய் நிக்கிறது'. எனக்கு அது அகராதியில் ஏறவேண்டிய சொல்.

அப்பா போன சித்திரையில் வந்தார், ரயிலில். முழங்கால் நோ, இனித் தூரம் ஓட்டமாட்டார். மேல் வீட்டு மனிதர், எழுபது தாண்டியவர், ஒரு ட்ரபான்ட் வைத்திருக்கிறார். சாம்பல் நீலம். வருடத்தில் நாலு தரம் வெளியே எடுப்பார். ட்ரபான்ட் சாக்சனியின் ஸ்விக்கௌ நகரத்தில் 1957 முதல் 1991 வரை செய்த கார். மேல் உடம்பு இரும்பு இல்லை, பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகை. அதே ஊரில் இப்போது ஃபொல்க்ஸ்வாகன் மின்சாரக் கார் மட்டும் செய்கிறது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேரின் ஜேர்மன் மொழியும் வேறு வேறு. அவருடையது தடித்த சாக்சன், அப்பாவுடையது குசினியில் படித்தது. ஆனாலும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். பதினெட்டு வயதில் பெயரைப் பதிந்து, பன்னிரண்டு வருடம் காத்திருந்து எடுத்த காராம். பழைய ட்ரபான்ட் புதுசை விட விலை கூடவாம், காத்திருக்கத் தேவையில்லை என்பதால். அப்பா தன் அகதி வழக்குக்குக் காத்திருந்த வருடங்களைச் சொன்னார். மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகனைத் தூக்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்தினார்.

அன்று பின்னேரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனோம். முழங்காலுக்காகத் திரும்பி வரும்போது ட்ராம் எடுத்தோம். நெரிசல். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். அதனால் குரல் பெரிசு. மகன் அவருக்குப் பக்கத்தில் இருந்து, "அப்பப்பா, நீங்கள் சின்னனா இருக்கேக்க எத்தனை கோல் அடிச்சனீங்கள்?" என்று கேட்டான். அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி தொடங்கினார். சப்பாத்து இல்லாத கால், பனங்காணிக்குள் போய் விழுகிற பந்து, பாம்பு, பந்தை எடுக்கப் போன பெடியன். பெட்டி முழுக்கக் கேட்கும் சத்தத்தில். என் கை தானாக அவர் தொடைப் பக்கம் போனது. போட்டேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. முன்சீட்டுக் கிழவி திரும்பி, என்ன பாஷை என்று கேட்டா. அப்பா, "டமில். ஆவ்ஸ் போஹும்" என்று சொல்லிவிட்டுப் பாம்புக்குத் திரும்பினார். மகன் இன்னும் சத்தமாக, "பிறகு? பிறகு?" என்றான்.

எங்கள் நிறுத்தம் வந்தது. கதை முடியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினோம்.

கார் விஷயம் இப்போதைக்கு இப்படி முடிந்திருக்கிறது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை கார் ஷேரிங்கில் ஒன்று எடுத்து, வெளியூர் ஆட்டத்துக்கு என் முறைக்கு நாலு பிள்ளைகளை ஏற்றுகிறேன். கதவு சாத்தியதும் நாலும் கத்தும், அதில் ஒரு குரல் தமிழில். மார்கழியில் திரும்பக் கணக்குப் பார்ப்போம் என்று மனைவி சொல்லியிருக்கிறா.

அப்பா போகும்போது லைப்சிக் பெரிய ரயில் நிலையத்தில் வைத்து, "உனக்குக் கார் வேண்டாட்டி விடு" என்றார். "அந்தக் காசைப் பெடியனிட லைசென்ஸுக்கு வைச்சிரு. இப்பவே மூவாயிரம் யூரோவுக்கு மேல போகுதாம்."

"அவனுக்கு ஏழு வயசு அப்பா. பதினேழுக்கு இன்னும் பத்து வருசம் கிடக்கு."

"மேல் வீட்டு மனிசன் பன்னிரண்டு வருசம் காத்திருந்தவர்தானே" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறினார்.